1949ஆம் ஆண்டுச் சுவர்

மொன்றியலில் பழைய வீடொன்றின் வெளிச்சுவரைக் கழற்றப் போனால் ஒரு சுவருக்குள் நாலைந்து சுவர் கிடக்கும். சென் லோறனில் நாங்கள் இப்போது திருத்திக்கொண்டிருக்கும் வீட்டில் முதலில் கழன்றது வெள்ளை வினைல் சைடிங். அது மாமா 1991இல் போட்டது. அதற்குள்ளே வெளிறிய பச்சை அலுமினியத் தகடு, அவருக்கு முன்பு இருந்த பிரெஞ்சுக் குடும்பம் அடித்தது. அதற்கும் உள்ளே, செங்கல் வரிசை அச்சடித்த தார்ப்பலகை; வீதியில் நின்று பார்த்தவர்கள் ஒரு காலத்தில் அதைச் செங்கல் வீடென்றே நம்பியிருப்பார்கள். பிறகு கறுப்புத் தார்க்கடதாசி. பிறகு ஒரு அங்குலத் தடிப்பில் பலகை. அந்தப் பலகையை நெம்பி எடுத்தபோது இரண்டுக்கு நாலு சட்டங்களும், சட்டங்களுக்கு நடுவே இடுப்பளவுக்கு அடைந்து கிடந்த மரச்சீவலும் தெரிந்தன. இடுப்புக்கு மேலே ஒன்றுமில்லை. 1949இல் வீடு கட்டியவர்கள் மேல்வரை நிரப்பித்தான் மூடியிருப்பார்கள். எழுபது சொச்ச வருடங்களில் சீவல் தன் பாரத்தாலேயே கீழிறங்கி, மேல்பாதிச் சுவரை வெறுங்கூடாக விட்டிருந்தது.

அந்த வெறுங்கூட்டுக்கு மறுபக்கத்தில்தான் எங்கள் கட்டில்கள் இருந்தன.

மாமா எண்பதுகளின் நடுவில் கனடாவுக்கு வந்தவர். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் தத்தளித்த செய்தி தொலைக்காட்சியில் வந்தபோது அவர் கோட் டெ நேஜில் ஓர் அறையில் வேறு நாலு பேரோடு இருந்தார். அந்தப் படகுகளில் வந்தவர்களில் பலர் பிறகு மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். மாமா இரவில் கோப்பை கழுவினார், பகலில் தையல் தொழிற்சாலையில் பெட்டி தூக்கினார், சீட்டுப் பிடித்தார், வீடு வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் வேலை அந்த வெள்ளைச் சைடிங். "றோட்டால போறவனுக்கு இது ஒரு புது வீடெண்டு தெரிய வேணும்" என்றார். சுவரின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு அதைச் சொல்லக் கடமைப்பட்டவர்களும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் அறிந்த சுவருக்கு உள்ளே என்று ஒன்று கிடையாது. சுண்ணாம்புக் கல் வைத்துக் கட்டினால் முழுக்கவும் கல்தான். வெயிலைத் தடுக்க வேண்டும், காற்றை விட வேண்டும்; அதுதான் அதன் வேலை. இங்கே சுவரின் வேலை நேர் எதிர். உள்ளே இருக்கும் 20 பாகைச் சூட்டுக்கும் வெளியே இருக்கும் மறை 25 பாகைக் குளிருக்கும் நடுவில், ஒரு கைப்பிடி அகலத்துக்குள், நாற்பத்தைந்து பாகை வித்தியாசத்தை அது தாங்க வேண்டும். மாமா யன்னல்களுக்கு பிளாஸ்ரிக் ஒட்டினார். கதவின் அடியில் பழைய சாரத்தைச் சுருட்டி வைத்தார். குளிர் யன்னலாலும் கதவாலும் வருகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

1998 ஜனவரியில் ஐந்து நாள் உறைமழை பெய்தது. கியூபெக்கில் மட்டும் ஏறத்தாழ 14 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. சென் ஜோன், கிறான்பி, சென் யாசாந்த் பக்கம் சில இடங்களில் ஒரு மாதம் வரை வரவில்லை. கியூபெக் வீடுகளில் பெரும்பாலானவை மின்சாரத்தால் சூடாகிறவை. அது நின்றால் சுவர் ஒன்றுதான் மிச்சம். எங்கள் வீட்டுச் சுவர் ஓர் இரவுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மாமி பிள்ளைகளை நடு அறைக்குக் கொண்டுவந்து, வெளிச்சுவரில் முதுகு படாமல் படுக்க வைத்தாள்.

மாமியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வடக்குப் பக்க அறையில், அலுமாரிக்குப் பின்னால், ஒவ்வொரு மாசியிலும் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். மாமி ஜாவெக்ஸ் கலந்த தண்ணீரால் முட்டி போட்டுத் தேய்ப்பாள். தன் வீடு சுத்தமில்லை என்ற வெட்கம் அவளுக்கு. ஆட்கள் வந்தால் அந்த அறைக் கதவைச் சாத்திவிடுவாள்.

அது அவள் குற்றமே இல்லை. 20 பாகையில், 40 வீத ஈரப்பதத்தில் இருக்கும் காற்று 6 பாகைக்குக் குளிர்ந்தால் நீராகிவிடும். எங்கள் வீட்டில் காலையில் புட்டு அவியும், மத்தியானம் சோறு வேகும், குளியலறை நாள் முழுக்க நீராவி விடும், எட்டுப் பேர் மூச்சு விடுவார்கள். அந்த ஈரம் மின்சாரப் பிளக் ஓட்டைகளாலும் பூச்சு வெடிப்புகளாலும் சுவருக்குள் போய், வெறுங்கூட்டின் குளிர்ந்த பலகையில் பட்டு நீராகி, அங்கேயே நின்றது. அலுமாரி அடைத்த மூலையில் சூடு போகாததால் உட்பக்கப் பூச்சே 6 பாகைக்குக் கீழே இறங்கியது. அறுபதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஒன்றின்மேல் ஒன்றாக அடித்த அலுமினியமும் வினைலும் வெளிப்பக்கம் காய்வதையும் மெதுவாக்கின. வடக்குச் சுவரின் கீழ்ப்பலகையை இப்போது விரலால் குத்தினால் விரல் போகிறது. மரம் கறுத்து, பிடியில் உதிர்கிறது. இதை மாமிக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப நான் தேய்ச்சதெல்லாம்?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டைத் திருத்துவதென்று முடிவானதும் மாகாண அரசின் றெனோக்ளிமா என்ற உதவித்தொகைத் திட்டத்துக்கு விண்ணப்பித்தோம். வேலை தொடங்குவதற்கு முன்னரே மதிப்பீட்டாளர் வந்து பார்க்க வேண்டியிருந்தது. பிறகு விண்ணப்பித்தால் உதவித்தொகை இல்லை என்றார்கள். அவர் வாசல் கதவில் பெரிய மின்விசிறி ஒன்றைப் பொருத்தி, வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுப்பார். அப்போது எந்தெந்த வெடிப்பால் வெளிக்காற்று உள்ளே வருகிறது என்று கையை வைத்தே கண்டுபிடிக்கலாம். எங்கள் வீட்டுக்கு வந்த பெண் விசிறியைக் காரிலிருந்து இறக்குவதற்கு முன் மாடக்கூரைக்கு ஏறிப் பார்த்தார். ஏறிய வேகத்திலேயே இறங்கி வந்தார். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினார்: சாம்பலும் பொன்னிறமும் கலந்த சிறு மணிகள், ஒவ்வொன்றும் மடிப்பு மடிப்பாக, அட்டைப்பூச்சி சுருண்ட மாதிரி. "இது வேர்மிகுலைற். பரிசோதித்து முடிவு வரும்வரை விசிறி போட மாட்டேன்" என்றார். விசிறி இழுக்கிற காற்று கூரையில் உள்ள தூசியையும் அறைகளுக்குள் இழுத்துவிடும்.

அந்த மணிகள் எங்கிருந்து வந்தவை என்பது உலகத்துக்கே தெரிந்த கதை. அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில் லிபி என்ற ஊரின் சுரங்கம், 1990 வரை உலகின் வேர்மிகுலைற்றில் பெரும் பங்கைத் தோண்டியது. அந்தப் பாறையில் ட்ரெமொலைற் வகை அஸ்பெஸ்ரஸும் கலந்திருந்தது. ஸோனோலைற் என்ற பெயரில் சாக்குச் சாக்காகக் கனடாவுக்கும் வந்து மாடக்கூரைகளிலும் சுவர்களிலும் கொட்டப்பட்டது. லிபியில் சுரங்கத்துக்கே போகாத பெண்களும் பிள்ளைகளும் நோய்ப்பட்டார்கள். வீட்டுக்கு வந்த வேலை உடுப்பின் தூசியே காணும். 2009இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த ஊருக்காகப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. அந்த முகமையின் வரலாற்றில் அதுவே முதல் தடவை.

எங்கள் மாதிரிகளிலும் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. மணிகளை மேலாக அள்ளிக் கொடுத்தால் போதாது, நார் அடியில் போய்த் தங்கும் என்பதால் ஆய்வுக்கூடத்தினர் அடித்தட்டு வரை பல இடங்களில் எடுக்கச் சொன்னார்கள். கூரையில் கிடந்தது சட்டங்களின் இடுக்கால் மேல்மாடிச் சுவருக்குள்ளும் வழிந்திருந்தது.

கனடாவில் சுவருக்குள் போன எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு பின்கதை உண்டு. 1973இல் எண்ணெய் விலை எகிறிய பிறகு வீடுகளைக் குளிரிலிருந்து அடைப்பது நாட்டுக் கடமையானது. 1977இல் மத்திய அரசு அதற்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. பழைய சுவர்களில் வெளியிலிருந்து வரிசையாகத் துளை போட்டு யூரியா ஃபோர்மல்டிஹைட் நுரையை அடித்தார்கள். நுரை காய்ந்து சுருங்கியது, சிலர் கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்றார்கள். 1980 டிசம்பரில் அதே அரசு அதைத் தடைசெய்தது. அதற்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் வீடுகளுக்குள் போய்விட்டது. மொன்றியலில் வீட்டுக்காரர்கள் போட்ட வழக்கு எண்பதுகள் முழுக்க இழுபட்டு, கனடாவின் மிக நீண்ட குடியியல் வழக்குகளில் ஒன்றாகி, 1991 டிசம்பரில் தள்ளுபடியானது. நோய்க்கும் நுரைக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை. வருடங்கள் போக அந்த வீடுகளின் காற்றும் மற்ற வீடுகளின் காற்றும் ஒன்றாகிவிடுகின்றன என்றுதான் அளந்தவர்களும் சொன்னார்கள். ஆனால் அரசு சொன்னதை நம்பி நுரை அடித்து, அரசு சொன்னதைக் கேட்டுப் பயந்து, வீட்டை அரைவிலைக்கும் விற்க முடியாமல் தவித்தவர்களின் பத்து வருடத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பிக் கொடுக்கவில்லை. எங்கள் பலகைகளில் அந்தத் துளை வரிசை இல்லை என்று கண்டபோது எனக்கு மூச்சு வந்தது.

வீடு கட்டப்பட்ட வருடத்துக்கு வருகிறேன். 1949 மாசியில், மொன்றியலுக்குக் கிழக்கே கார் ஓட்டத்தில் இரண்டு மணி நேரத் தொலைவில், அஸ்பெஸ்ரஸ் என்றே பெயர்கொண்ட ஊரிலும் தெற்ஃபோர்ட் மைன்ஸிலும் ஏறத்தாழ 5,000 சுரங்கத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் சம்பள உயர்வு இருந்தது. தூசியை ஒழியுங்கள் என்பதும் இருந்தது. அதற்குச் சில கிழமைக்கு முன்தான் ஈஸ்ற் புரோட்டன் ஆலையில் தூசியால் செத்தவர்களைப் பற்றி மொன்றியல் நாளிதழ் ல டெவுவார் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. மொன்றியல் பேராயர் ஷார்பொனோ தொழிலாளர் பக்கம் நின்று கோயில்களில் பணம் சேர்த்தார். அடுத்த வருடமே பதவி விலகி நாட்டின் மறுகரைக்குப் போக வேண்டியதாயிற்று. ஆக, எங்கள் வீட்டுச் சுவரில் சீவல் நிரப்பிய அதே வருடத்தில், தூசி கொல்லும் என்பது இந்த மாகாணத்தில் பத்திரிகை வாசிக்கிற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சுரங்கம் மட்டும் இன்னும் அறுபது வருடத்துக்கு மேல் ஓடியது.

அந்த அஸ்பெஸ்ரஸ் நார் கடைசிக் காலத்தில் எங்கே போனது என்பது எனக்குச் சொந்த விஷயம். கனடா தன் வீடுகளில் பாவிப்பதை விட்ட பிறகும் வெளிநாட்டுக்கு விற்றது. வாங்கியவர்களில் முன்னணியில் இருந்தது இந்தியா. கனடாவுக்கு வருவதற்கு முன் நாங்கள் இராமநாதபுரம் பக்கத்தில் ஒரு அகதி முகாமில் இருந்தோம். கூரை அஸ்பெஸ்ரஸ் சீற். மழைத்தண்ணி வழிகிற இடத்தில் அப்பா வாளால் சீற்றை அறுத்து ஒட்டுப் போடுவார். நான் கீழே நின்று பிடிப்பேன். வெள்ளைத் தூள் அவர் தலைமயிரிலும் என் இமையிலும் படியும். அம்மா புடவைத் தலைப்பால் துடைத்துவிடுவாள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இன்றைக்கும் லட்சக்கணக்கானோர் அந்தச் சீற்றின் கீழ்தான் படுக்கிறார்கள். பொதுவாக, உடையாமல் கிடக்கும் சீற் உடனே ஆபத்தில்லை. அறுக்கும்போதும் துளைக்கும்போதும் நொறுக்கும்போதும்தான் நார் பறக்கிறது. அறுக்கிறவர்களுக்கு முகமூடி கொடுத்து யார் சொன்னார்கள்?

2011இல் ஜெனீவாவில், இந்த நாரை ஆபத்தான சரக்குகளின் பட்டியலில் சேர்ப்பதைக் கனடா எதிர்த்து நின்றது. அதே காலத்தில் ஒட்டாவாவில் நாடாளுமன்றக் கட்டடங்களிலிருந்து அஸ்பெஸ்ரஸைக் கவனமாக அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. 2012 கோடையில் அஸ்பெஸ்ரஸ் ஊரின் ஜெஃப்ரி சுரங்கத்தை மறுபடி திறக்கக் கியூபெக் அரசு 5 கோடி 80 லட்சம் டொலர் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது. இலையுதிர்காலத்தில் வந்த புது அரசு அதை நிறுத்தியது. 2018 டிசம்பர் கடைசியில்தான் கனடா தடை போட்டது. 2020இல் அந்த ஊர் தன் பெயரை வால் டெ சூர்ஸ் என்று மாற்றிக்கொண்டது. இவ்வளவையும் வருடம் தவறாமல் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்களில் அநேகர் இந்தச் சுவர்களை உடைத்த காலம் அந்த 1949க்கும் இந்தத் தடைக்கும் நடுவில் விழுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் சனி ஞாயிறுகளில் நானும் அந்த வேலைக்குப் போனேன். பார்க் எக்ஸ்ரென்ஷனிலும் வேர்டனிலும் பழைய டூப்ளெக்ஸ் வீடுகள். வல்வெட்டித்துறை அண்ணை ஒருவர் எங்களைக் கூட்டிப்போவார். கடப்பாரை, சுத்தியல், கறுப்புப் பை. பின்னேரம் காசு கையில். உட்சுவர்ப் பூச்சை இடித்தால் அறை வெளிச்சமே மங்கும். முகத்தில் ஈரத்துணி கட்டுவோம், மூச்சு முட்டினால் அதையும் அவிழ்ப்போம். மத்தியானம் அந்த இடிபாட்டுப் பைகளின் மேலேயே இருந்து பாணும் பருப்பும் சாப்பிடுவோம். அந்தப் பூச்சுகளிலும், 1980க்கு முன் ஜிப்ரொக் பொருத்துகளுக்குப் பூசிய கலவைகளிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும் என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் உடுப்பைக் கழற்றிப் பிள்ளைகளின் உடுப்போடு போடுவோம். மாமி தோய்ப்பாள். லிபியைப் பற்றி வாசித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த உடுப்புக்கூடைதான்.

இந்த முறை எங்கள் மேல்மாடிக்கு வந்தவர்கள் வெள்ளை உடை, முழுமுகக் கவசம். படிக்கட்டை பிளாஸ்ரிக்கால் இரட்டையாக மூடினார்கள். உள்ளே இருக்கும் காற்று வடிகட்டி ஊடாக மட்டும் வெளியே போகும்படி இயந்திரம் இரவும் பகலும் ஓடியது. வேலைத்தளத்துக்கும் உடை மாற்றும் இடத்துக்கும் நடுவில் ஒரு குளியல் தடுப்பு. குளிக்காமல் ஒருவரும் வெளியே வரக்கூடாது. அதில் ஒரு இளைஞர் மத்தியான இடைவேளையில் தலை ஈரத்தோடு வெளியில் வந்து, காரில் இருந்து சாப்பிட்டார். அவரைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்களுக்கும் இதைச் செய்திருக்கலாம் என்ற கோபமும் வந்தது.

அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது லவாலில் மகளோடு இருக்கிறார். படி ஏறினால் இளைக்கிறது என்றார்.

"டொக்டர் என்ன கேட்டவர்?"

"முந்தி என்ன வேலை செய்தனீங்கள் எண்டு கேட்டவர். ரெஸ்ரோறன்ற் எண்டு சொன்னனான்."

"சுவர் உடைச்சதையும் சொல்லுங்கோ அண்ணை."

"அதென்ன வேலையே தம்பி? சனி ஞாயிறு செய்தது."

அவர் இளைப்புக்கு என்ன காரணம் என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும். வயது, இருதயம், எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அஸ்பெஸ்ரஸ் நோய்கள் பெரும்பாலும் இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துத் தலைகாட்டுகிறவை. வைத்தியர் கேட்கிற கேள்விக்கு முழுப் பதிலும் போனால்தான் அவர் எதைத் தேடுவதென்று முடிவுசெய்வார். கியூபெக்கின் தொழில்நோய்ச் சட்டம் 1985இலிருந்தே அஸ்பெஸ்ரஸ் நார் பட்ட வேலையையும் அதனால் வரும் நோய்களையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதைக் கோருவதற்குக் கால எல்லையும் உண்டு. நோய் வேலையால் வந்ததென்று அறிந்த நாளிலிருந்து ஆறு மாதம். காசு வாங்கிக்கொண்டு உடைத்தவர்களிடம் சம்பளத் துண்டு இல்லை. ஆனால் கூட வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள், தெருப் பெயர்கள் ஞாபகம் இருக்கின்றன. எழுதி வையுங்கள் என்று சொன்னேன். நானும் எழுதத் தொடங்கியிருக்கிறேன்: எந்த வருடம், எந்தத் தெரு, யார் யார் வந்தது.

சுவர் இப்போது மூடப்படுகிறது. சீவல் முழுவதையும் அள்ளி, உக்கிய கீழ்ப்பலகையை மாற்றி, மூன்றரை அங்குலக் குழியில் R-14 (R என்பது வெப்பத்தடை அளவு) மினரல் வூல் வைத்தாயிற்று. பலகைக்கு வெளியே காற்றுத்தடைத் துணி, அதற்கு மேல் இரண்டு அங்குலக் கட்டியான மினரல் வூல் பலகை, இன்னுமொரு R-8. இந்த வெளிப்போர்வைதான் முக்கியம். பழைய பலகை இனிமேல் சூடான பக்கத்தில் இருக்கும், அதில் ஈரம் படிவது நன்றாகக் குறையும். 2012இலிருந்து கியூபெக்கில் புதிதாகக் கட்டும் சிறிய வீடுகளின் சுவருக்கு R-24.5 என்பது விதி. பழைய வீட்டில் அந்த எண்ணை எட்டிப்பிடிக்கவே சுவர் வீதிப்பக்கம் கொழுக்கிறது. யன்னல் சட்டங்களை எல்லாம் வெளியே இழுக்க வேண்டும், சைடிங் மாற்றவே நகரசபையில் அனுமதி எடுக்க வேண்டும். குளியலறையிலும் அடுப்புக்கு மேலும் வெளியே தள்ளும் விசிறி. புட்டு அவிப்பதை நிறுத்தச் சொல்லும் சுவர் எங்களுக்கு வேண்டாம்.

வெளித்தோலுக்கு ஃபைபர் சிமெண்டா அழுத்திய மரமா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஃபைபர் சிமெண்ட் பலகையில் பழைய அஸ்பெஸ்ரஸின் இடத்தில் இப்போது செலுலோஸ் நார், தீப்பிடிக்காது, உக்காது. ஆனால் அதை வெட்டும்போது சிலிக்கா தூசி பறக்கும், அதுவும் நுரையீரலைத் தின்கிற தூசிதான். தண்ணீர் விட்டோ உறிஞ்சும் வாளாலோ வெட்டலாம். எங்கள் வேலைக்காரர்களிடம் அந்த வாள் இல்லை. மர நிறத்தில் அழுத்திய மரப்பலகை என்று முடிவெடுத்தோம். பலகைக்குப் பின்னால் சட்டம் அடித்து முக்கால் அங்குலக் காற்றிடைவெளி, மழைத்தண்ணி இறங்கிப் போகவும் சுவர் காயவும்.

போன கிழமை எதிர்வீட்டிலும் சுவர் உடைக்கத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டோடொத்த வீடு. வாசலில் கறுப்புப் பைகள், தமிழில் பாட்டு. அண்மையில் ஊரிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள், முகத்தில் மருந்துக்கடை நீல முகமூடி. போய் எங்கள் ஆய்வுக்கூட முடிவைக் காட்டினேன். பெரியவர் பேச வந்துவிட்டார் என்ற மாதிரித்தான் முதலில் பார்த்தார்கள். பிறகு ஒருவன் தாளை வாங்கி வாசித்தான்.

"இதைச் சோதிக்க எவ்வளவு அங்கிள்?"

"ஒரு மாதிரிக்கு நூறு டொலருக்குள்ள. தண்ணி தெளிச்சு எடுக்க வேணும். நீங்கள் எடுக்க வேண்டாம், அவையள் வந்து எடுப்பினம்."

அவன் முதலாளிக்கு அடித்தான். முதலாளி வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்றது எனக்கும் கேட்டது. வீட்டுக்காரி, வயதான கிரேக்கப் பெண், சத்தம் கேட்டு வெளியே வந்தாள். தாளில் அந்த ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டியதும் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. தானே ஆய்வுக்கூடத்தின் இலக்கத்தை எழுதிக்கொண்டு, தொலைபேசியை வாங்கி முதலாளியோடு பேசினாள். பிள்ளைகள் இரண்டு பேரும் அன்று பின்னேரம் முழுக்கப் பின்வளவு வேலியைக் கழற்றினார்கள்.